சிறுதவாளிப்பில் மருந்து மூலக்கூறு தங்குவதற்கு ஐதரசன் பிணைப்புத்தான் காரணமா?

நீராவியடி மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் சிறப்புக் கற்கையின் இறுதி ஆண்டில் படிக்கிறேன். டி.என்.ஏ.யின் சிறுதவாளிப்பில் (இரட்டைச் சுருளியின் வெளிப்புறத்தில் ஓடும் இரண்டு பள்ளங்களில் ஒடுக்கமானதில்; அகன்றது பெருந்தவாளிப்பு) சிறிய மருந்து மூலக்கூறுகள் எவ்வாறு பிணைகின்றன என்பது பற்றிச் சென்ற வாரம் கருத்தரங்கில் பேசினேன். நெற்றொப்சின் என்ற மூலக்கூறை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் ஏமைட்டுக் கூட்டங்களின் என்-எச் பகுதிகள் டி.என்.ஏ.யின் மூலங்களான அடினினின் மூன்றாம் நைதரசனுக்கும் தைமினின் இரண்டாம் ஒட்சிசனுக்கும் ஐதரசன் பிணைப்புகளை வழங்குகின்றன என்றும், அந்தப் பிணைப்புகளே மூலக்கூறை அங்கே பிடித்து வைத்திருக்கின்றன என்றும் விளக்கினேன். மருந்து எங்கே எப்படிப் பொருந்தும் என்று கணிக்கும் டொக்கிங் மென்பொருள் வரைந்து தந்த படத்தையும் காட்டினேன். அதில் புள்ளிக்கோடுகள் மிகத் தெளிவாகத் தெரிந்தன.

பேசி முடிந்ததும் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் கேட்டார்: மருந்து வருவதற்கு முன்னர் அந்த நைதரசனும் ஒட்சிசனும் வெறுமையாகவா இருந்தன? அவற்றுடன் நீர் பிணைந்திருந்தது. மருந்தின் என்-எச் பகுதிகளிலும் நீர் பிணைந்திருந்தது. இரண்டு பக்கத்துப் பிணைப்புகளையும் அறுத்துவிட்டுப் புதிதாக அதே வகைப் பிணைப்புகளை உண்டாக்குவதால் கிடைக்கும் இலாபம் என்ன? எனக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நின்றுவிட்டு வந்து அமர்ந்தேன். அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வியே மனதில் இருந்தது.

அதனோடு சேர்ந்து வேறு இரண்டு ஐயங்களும் எழுந்தன. பெருந்தவாளிப்பு அகலமானது, அதன் தரையில் ஐதரசன் பிணைப்பை வழங்குபவையும் வாங்குபவையுமாகக் கூடுதலான அணுக்கள் இருக்கின்றன, புரதங்கள் பெரும்பாலும் அங்கேதான் வந்து வாசிக்கின்றன. அப்படியிருக்க, நெற்றொப்சின், டிஸ்ரமைசின், பென்ரமிடீன் போன்ற சிறு மூலக்கூறுகள் மட்டும் ஒடுக்கமான சிறுதவாளிப்பை ஏன் தேடிப் போகின்றன? அதிலும் அடினின்-தைமின் சோடிகள் தொடர்ந்து வரும் இடங்களையே அவை விரும்புவது ஏன்? தெரிந்தவர்கள் விளக்கினால் என் ஆய்வறிக்கையைத் திருத்தி எழுதிக்கொள்வேன்.

கொக்குவில் ஆசிரியர் எழுதியது:

பிள்ளை, அந்த விரிவுரையாளரின் கேள்விக்குள்ளேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. நீரைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டு வரையப்படும் படங்கள் எல்லாம் நீங்கள் சொன்ன முடிவுக்கே எங்களைக் கொண்டுபோகும். நீரை உள்ளே எடுத்துப் பாருங்கள், கதை வேறாகிவிடும்.

முதலில் தவாளிப்பின் வடிவத்தைப் பார்ப்போம். மாடு கட்டும் இரண்டு புரிக் கயிற்றை எடுத்து, புரிகளுக்கு இடையே நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே அளவான பள்ளமே ஓடும், ஏனெனில் இரண்டு புரிகளும் ஒன்றுக்கொன்று நேரெதிரே கிடக்கின்றன. டி.என்.ஏ. அப்படி அன்று. மூலச்சோடி (எதிரெதிர் இழைகளின் இரண்டு மூலங்கள் இணைந்தது) ஒவ்வொன்றிலும் இரண்டு வெல்லங்களும், அதாவது இழைகளின் சர்க்கரைப் பகுதிகளும், சோடியின் ஒரே ஓரத்தை நோக்கிச் சாய்ந்தபடி பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கிடையிலான கோணம் ஒரு பக்கத்தில் 180 பாகைக்குக் குறைவாகவும் மறுபக்கத்தில் கூடுதலாகவும் அமைகிறது. குறைந்த பக்கம் சிறுதவாளிப்பு, கூடிய பக்கம் பெருந்தவாளிப்பு. சாதாரண பி-வடிவ டி.என்.ஏ.யில் சிறுதவாளிப்பின் அகலம் ஏறத்தாழ 0.57 நனோமீற்றர், பெருந்தவாளிப்பின் அகலம் ஏறத்தாழ 1.17 நனோமீற்றர். ஆழத்தில் அவ்வளவு பெரிய வேறுபாடு இல்லை. அதாவது சிறுதவாளிப்பு ஒடுக்கமானது, ஆனால் ஆழமானது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடினின்-தைமின் சோடிகள் நான்கைந்து தொடர்ந்து வரும் இடத்தில் அந்த ஒடுக்கம் இன்னும் கூடி, 0.3 முதல் 0.4 நனோமீற்றர் வரை இறங்கிவிடுகிறது. ஒரு தட்டையான அரோமற்றிக்கு வளையத்தின் தடிப்பு 0.34 நனோமீற்றர். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். பைரோல், பென்சீன், பென்சிமிடசோல் ஆகிய வளையங்கள் தவாளிப்புக்குள் பக்கவாட்டாக நுழைந்தால், அவற்றின் இரண்டு முகங்களும் இரண்டு சுவர்களையும் தொட்டுக்கொண்டிருக்கும். சுவர் என்று நான் சொல்வது வெல்லமும் பொசுபேற்றும் சேர்ந்த முதுகெலும்பை. இவ்வாறு இரண்டு பக்கமும் நெருங்கித் தொடுவதால் கிடைக்கும் வந்தர்வாலிசுக் கவர்ச்சி தனித்தனியே சிறியதுதான், ஆனால் மூலக்கூறின் முழு நீளத்துக்கும் கூட்டினால் பெரியது. அகலமான பெருந்தவாளிப்பில் அதே வளையம் ஒரு சுவரைத் தொட்டால் மற்றச் சுவருக்கு எட்டாது. அங்கே புரதத்தின் தடித்த அல்பா-சுருளி ஒன்று அமர முடியும். மெலிந்த மருந்து மூலக்கூறு அங்கே அலைந்துகொண்டுதான் இருக்கும்.

நெற்றொப்சினின் உருவத்தைப் பாருங்கள். நடுவில் இரண்டு பைரோல் வளையங்கள், அவற்றை இணைக்கும் ஏமைட்டுகள், ஒரு முனையில் குவானிடினியம், மறுமுனையில் அமிடினியம். முழு மூலக்கூறும் பிறை போல வளைந்திருக்கிறது. அந்த வளைவு டி.என்.ஏ. சுருளியின் முறுக்கோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. பிணைவதற்காக மூலக்கூறு தன்னை அதிகம் வளைக்கவோ முறுக்கவோ வேண்டியதில்லை என்பதால், அதற்குரிய செலவு மிச்சமாகிறது.

இனி நீருக்கு வருகிறேன். டிக்கர்சனும் ட்ரூவும் 1981 இல் வெளியிட்ட பன்னிரண்டு மூலச்சோடிப் பளிங்கின் கட்டமைப்பில், சீ-ஜீ-சீ-ஜீ-ஏ-ஏ-ரீ-ரீ-சீ-ஜீ-சீ-ஜீ (ஏ அடினின், ரீ தைமின், ஜீ குவானின், சீ சைற்றோசின்) என்ற தொடரின் நடுவே உள்ள ஏ-ஏ-ரீ-ரீ பகுதியின் சிறுதவாளிப்பில் நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக வரிசைகட்டி நிற்பது தெரிந்தது. ஒரு இழையின் அடினின் நைதரசனையும் அடுத்த சோடியில் எதிரிழையிலுள்ள தைமின் ஒட்சிசனையும் ஒரு நீர் மூலக்கூறு பாலம் போல இணைக்கிறது. அந்தப் பால நீர்களை அவற்றின் மேலே நிற்கும் இரண்டாம் வரிசை நீர்கள் இணைக்கின்றன. இதை நீர் முள்ளந்தண்டு என்று சொல்வார்கள். பின்னர் 1985 இல் கொப்கா, டிக்கர்சன் முதலானோர் இதே வகைத் தொடரில் நெற்றொப்சின் பிணைந்த கட்டமைப்பை வெளியிட்டபோது, அந்த முள்ளந்தண்டு அங்கே இருக்கவில்லை. முதல் வரிசை நீர்கள் செய்துகொண்டிருந்த பால வேலையை நெற்றொப்சினின் ஏமைட்டு என்-எச் கூட்டங்கள் ஏற்றுக்கொண்டிருந்தன.

ஆகவே ஐதரசன் பிணைப்புக் கணக்கைப் பொறுத்தவரை உங்கள் விரிவுரையாளர் சொன்னது சரி. பழையவை போய்ப் புதியவை வந்தன, வரவும் செலவும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்தன. ஆனால் ஒழுங்காகக் கட்டுண்டு நின்ற நீர் மூலக்கூறுகள் விடுபட்டுக் கரைசலில் கலந்தன. அங்கே எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடுகிறது. இலாபம் அந்த இடத்தில் வருகிறது. வளையங்கள் சுவர்களோடு நெருங்குவதிலும் வருகிறது. ஏற்றங்களின் கவர்ச்சியிலும் வருகிறது. அடினின்-தைமின் சிறுதவாளிப்பே டி.என்.ஏ.யில் மிக ஆழமான மறை மின்னழுத்தம் உள்ள இடம் என்பதைப் பெர்னார்ட் புல்மன், அல்பெர்த் புல்மன் ஆகிய இருவரும் கணிப்புகளால் காட்டியிருக்கிறார்கள். நேரேற்றமுள்ள முனைகளுக்கு அந்த இடம் இயல்பாகவே இசைவானது.

அப்படியென்றால் ஐதரசன் பிணைப்பு வேண்டாததா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவே கூடாது. அந்தப் பிணைப்பு உண்டானால் கணக்குச் சரியாகும். உண்டாகாவிட்டால் நீரை இழந்த வாங்கி அணு அந்தரத்தில் நின்று பெரிய நட்டத்தைத் தரும். ஆகவே அது மூலக்கூறு எந்த இடத்தில், எந்தப் பக்கம் முகம் வைத்து அமர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் அறிக்கையில் ஐதரசன் பிணைப்பு மூலக்கூறைப் பிடித்து வைத்திருக்கிறது என்று எழுதிய இடத்தில், இடத்தைத் தெரிவுசெய்கிறது என்று மாற்றுங்கள். பெரும்பகுதி திருந்திவிடும்.

கடைசி ஐயத்துக்கு விடை குவானினில் இருக்கிறது. குவானினின் இரண்டாம் காபனில் ஓர் அமினோக் கூட்டம் உண்டு. அதன் ஓர் ஐதரசன் சைற்றோசினுடன் பிணைந்திருக்க, மற்றது சிறுதவாளிப்பின் தரையிலிருந்து மேலே எழுந்து நிற்கிறது. தரையில் முளை அடித்தது போன்ற அந்தக் கூட்டம் பைரோல் வளையத்தை ஆழத்துக்கு இறங்க விடாது. இதற்கு ஒரு அழகான சான்று உண்டு. அந்த அமினோக் கூட்டம் இல்லாத குவானின் என்று சொல்லத்தக்க ஐப்பொசாந்தைனை (வெல்லத்துடன் சேர்ந்தால் அதன் பெயர் ஐனோசின்) வைத்து, ஐனோசின்-சைற்றோசின் சோடிகளால் டி.என்.ஏ. செய்தால், நெற்றொப்சினும் டிஸ்ரமைசினும் அதில் பிணைகின்றன. அடினினுக்குப் பதிலாக அதே இடத்தில் அமினோக் கூட்டம் ஏற்றிய இருஅமினோப்பியூரினை வைத்தால், அந்த இடத்தைக் கைவிடுகின்றன. பெருந்தவாளிப்பில் எதையும் மாற்றாமல் ஒரே ஒரு கூட்டத்தை எடுத்தும் வைத்தும் மூலக்கூறை இடம்மாற்ற முடிகிறது என்றால், இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டியதில்லை.

நீராவியடி மாணவி எழுதியது:

மிக்க நன்றி சேர். முளை அடித்தது போல என்று நீங்கள் சொன்னதும் எனக்குப் படம் பிடிபட்டுவிட்டது. ஆனால் ஒரு தடை இருக்கிறது. இலாபம் எந்திரப்பியில் வருகிறது என்றீர்கள். நான் வாசித்த ஒரு கட்டுரையில் நெற்றொப்சின் பிணையும்போது நன்றாக வெப்பம் வெளிவருகிறது என்று இருந்தது. வெப்பவுள்ளுறை (வெளிவரும் அல்லது உறிஞ்சப்படும் வெப்பத்தின் கணக்கு) இவ்வளவு மறையாக இருந்தால், காரணம் பிணைப்புகள்தாம் என்று எவரும் வாதிடலாம் அல்லவா? இன்னொன்றையும் கேட்கிறேன். ஆய்வுகூடத்தில் கன்றுத் தைமசு டி.என்.ஏ.யும் (கன்றின் தைமசுச் சுரப்பியிலிருந்து எடுத்தது) எதிடியம் புரோமைட்டு என்ற சாயமும் இருக்கின்றன. நாங்கள் தொகுத்த ஓர் அமிடீன் சேர்வை சிறுதவாளிப்பில்தான் பிணைகிறது என்பதை இவற்றைக் கொண்டு காட்ட முடியுமா?

உரும்பிராய் ஆய்வாளர் எழுதியது:

தங்கச்சி, ஆசிரியர் சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் எந்திரப்பி என்ற ஒற்றைச் சொல்லில் நிறுத்திவிடக் கூடாது என்பதையும் சேர்க்க விரும்புகிறேன். நீங்கள் எழுப்பிய தடை நியாயமானது. அதற்கு மார்க்கியும் பிரெஸ்லவரும் 1987 இல் வெளியிட்ட அளவீடுகளே விடை.

அவர்கள் இரண்டு வகைப் பல்பகுதியங்களை எடுத்தார்கள். இரண்டிலும் அடினினும் தைமினும் மட்டுமே உண்டு. ஒன்றில் ஒரே இழையில் ஏயும் ரீயும் மாறி மாறி வருகின்றன. மற்றதில் ஓர் இழை முழுவதும் ஏ, எதிரிழை முழுவதும் ரீ. நெற்றொப்சின் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே வலிமையுடன் பிணைகிறது. பிணைவின் வலிமையைக் காட்டும் கிப்ஸ் சக்தி மாற்றம் இரண்டிலும் மூலுக்கு 12 கிலோகலோரி அளவில் மறையாக இருக்கிறது. இது பத்தின் ஒன்பதாம் அடுக்கை அண்டிய சமநிலை மாறிலி. ஆனால் அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது என்று வெப்பமானியால் பார்த்தபோது, மாறி மாறி வரும் தொடரில் 11 கிலோகலோரி வரை வெப்பவுள்ளுறையிலிருந்தே வந்தது. தனித்தனி இழைத் தொடரில் வெப்பவுள்ளுறை 2 கிலோகலோரி அளவு மட்டும். மிகுதி முழுவதும் எந்திரப்பி. மருந்து ஒன்றே, மூலச்சோடிகளும் ஒரே வகை, உண்டாகும் ஐதரசன் பிணைப்புகளும் ஒத்தவை. வேறுபட்டது, பிணைவதற்கு முன்னர் அந்த டி.என்.ஏ. எவ்வளவு ஒழுங்கான நீரைச் சுமந்துகொண்டிருந்தது என்பதே. ஒழுங்கு கூடிய நீர் வெளியேறும்போது எந்திரப்பி கூடுகிறது. ஆனால் அந்த நீரைப் பெயர்த்தெடுக்க வெப்பம் செலவாவதால் வெப்பவுள்ளுறையின் இலாபம் குறைந்துவிடுகிறது. எனவே வெப்பம் வெளிவந்தது என்ற ஒன்றைக் கொண்டு பிணைப்புகளே காரணம் என்று வாதிட முடியாது. எக்ஸ்ற் 33258 என்ற சாயத்தைப் பார்த்தால் இது இன்னும் வெளிப்படை. அது ஏ-ரீ தவாளிப்பில் மிக வலிமையாகப் பிணைகிறது. அறை வெப்பநிலையில் அந்தப் பிணைவு வெப்பத்தை உறிஞ்சுகிறது!

இன்னொரு பங்காளியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டி.என்.ஏ.யின் பொசுபேற்றுகளைச் சுற்றி சோடியம் அயன்கள் நெருங்கி ஒடுங்கியிருக்கின்றன. மனிங்கின் கொள்கைப்படி பொசுபேற்று ஒன்றுக்கு 0.76 அயன் என்ற அளவில் அவை அருகே நிற்கின்றன. நேரேற்றமுள்ள மருந்து வந்து அமர்ந்தால், அவற்றில் சில விடுபட்டுக் கரைசலுக்குப் போகின்றன. அதுவும் எந்திரப்பி இலாபமே. இதை அளப்பது எளிது. தாங்கற்கரைசலில் உப்புச் செறிவைக் கூட்டினால், விடுபட்ட அயன்களுக்குக் கிடைக்கும் இலாபம் குறைந்து, பிணைப்பு மாறிலி இறங்கும். உப்புச் செறிவின் மடக்கைக்கு எதிரே மாறிலியின் மடக்கையை வரைந்தால், இரண்டு ஏற்றமுள்ள மூலக்கூறுக்குக் கொள்கை எதிர்வுகூறும் இறங்கு சாய்வு 1.76. அதாவது சோடியம் செறிவை 10 மில்லிமூலரிலிருந்து 100 மில்லிமூலருக்குக் கூட்டினால் மாறிலி 50 மடங்குக்கு மேல் விழ வேண்டும். உப்புச் செறிவைச் சொல்லாமல் பிணைப்பு மாறிலியை மட்டும் எழுதும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதனோடும் ஒப்பிட முடியாது.

உங்கள் பரிசோதனைக்கு வருகிறேன். எதிடியத்தை உங்கள் சேர்வை வெளியேற்றினால் அது இடைச்செருகல் (மூலச்சோடிகளுக்கு இடையே நுழைதல்) என்று எழுதிவிடாதீர்கள். சிறுதவாளிப்பில் அமரும் மூலக்கூறுகளும் எதிடியத்தை வெளியேற்றுகின்றன. அந்தச் சோதனை பிணைகிறதா, எவ்வளவு வலிமையாகப் பிணைகிறது என்பதைச் சொல்லுமேயன்றி எங்கே பிணைகிறது என்பதைச் சொல்லாது. இடத்தை அறிய எனக்கு மிகவும் பிடித்தது பாகுநிலை. எதிடியம் போன்றவை மூலச்சோடிகளுக்கு இடையே நுழையும்போது ஒவ்வொரு நுழைவும் சுருளியை ஏறத்தாழ 0.34 நனோமீற்றர் நீட்டுகிறது; நீண்ட கோல் போன்ற டி.என்.ஏ. இன்னும் நீண்டு, கரைசலின் பாகுநிலை கூடுகிறது. தவாளிப்பில் அமரும் மூலக்கூறு சுருளியை நீட்டுவதில்லை என்பதால் பாகுநிலை பெரிதாக மாறாது. விலைகூடிய கருவி வேண்டியதில்லை. கண்ணாடி மயிர்த்துளைப் பாகுமானி, நிலையான வெப்பநிலையில் நீர்த்தொட்டி, நிறுத்தற்கடிகாரம் ஆகியவை போதும். முதலில் எதிடியத்தைக் கொண்டு செய்து, கோடு மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் சேர்வையைக் கொண்டு செய்யுங்கள்.

இடஞ்சுழி, வலஞ்சுழி ஒளிகள் உறிஞ்சப்படும் வேறுபாட்டை அளக்கும் வட்ட இருநிறமானி எங்கேனும் கிடைத்தால் இன்னும் நல்லது. கைரல் தன்மை (இடம், வலம் என்ற வேறுபாடு) இல்லாத உங்கள் சேர்வை தவாளிப்பில் அமர்ந்ததும், அது ஒளியை உறிஞ்சும் அலைநீளத்தில் வலுவான நேர்ச் சமிக்ஞை எழும்.

டி.என்.ஏ.யைக் கரைக்கும்போது அவசரப்படாதீர்கள். நார் நாராக வெள்ளையாக இருக்கும் அதைத் தாங்கற்கரைசலில் இட்டு 4 பாகை செல்சியசில் ஓர் இரவு முழுவதும் விடுங்கள். குலுக்கினால் இழைகள் அறுந்து பாகுநிலைச் சோதனையே பாழாகும். முதல் முறை செய்தபோது அரை மணித்தியாலத்தில் கரைத்துவிட வேண்டும் என்று கண்ணாடிக் கோலால் கலக்கினேன். கோலில் சளி போலச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. மறுநாள், தூய்மையை அறிய, 260, 280 நனோமீற்றர் உறிஞ்சல்களின் விகிதம் 1.8 ஐ அண்டி வருகிறதா என்று பாருங்கள். 260 இல் மூலம் ஒன்றுக்கு 6600 என்ற மூலர் உறிஞ்சல் குணகத்தைக் கொண்டு செறிவைக் கணியுங்கள். கன்றுத் தைமசு டி.என்.ஏ.யில் ஜீ-சீ பங்கு 42 சதவீதம் அளவில் இருப்பதால், அது இரண்டு வகை இடங்களும் கலந்த மாதிரி. ஏ-ரீ விருப்பத்தை நிறுவ வேண்டுமென்றால் ஏ-ரீ மட்டும் உள்ள பல்பகுதியத்தையும் ஜீ-சீ மட்டும் உள்ள பல்பகுதியத்தையும் தனித்தனியே ஒப்பிட்டே ஆகவேண்டும்.

புத்தூர் கால்நடை வைத்தியர் எழுதியது:

இந்த உரையாடலை ஆர்வத்துடன் வாசித்தேன். உங்கள் மூலக்கூறுகளில் ஒன்றை நான் அடிக்கடி கையில் எடுக்கிறேன். உண்ணியால் பரவும் பபீசியா என்ற ஒட்டுண்ணி தொற்றி, காய்ச்சலும் சிவந்த சிறுநீருமாகக் கலப்பினப் பசு ஒன்று படுத்துவிட்டால், டிமினசீன் அசிற்றுரேற்று என்ற மருந்தை நீரில் கரைத்துத் தசைக்குள் ஆழமாக ஏற்றுவோம். மஞ்சள் குருணையாக வரும். கரைந்ததும் கரைசலும் தெளிவான மஞ்சள் நிறமாகும். வழமையான அளவு உடல் நிறையில் கிலோவுக்கு 3.5 மில்லிகிராம். பெரெனில் என்ற பெயரில் உலகெங்கும் நெடுங்காலமாகப் பாவனையில் உள்ள இதுவும் சிறுதவாளிப்பில் பிணையும் மூலக்கூறுதான் என்று படித்த நாளில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் குறையவில்லை. இரண்டு பென்சமிடீன்களை நடுவில் மூன்று நைதரசன்கள் இணைக்கின்றன. இரண்டு முனையிலும் ஏற்றம், நடுவில் வளைவு. நீங்கள் சொன்ன பிறை வடிவமே இங்கும் இருக்கிறது.

எனக்குள்ள கேள்வி நடைமுறை சார்ந்தது. பசுவின் கலங்களிலும் ஏ-ரீ தொடர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. மருந்து அவற்றை விட்டுவிட்டு ஒட்டுண்ணியை மட்டும் தாக்குவது எப்படி? நாய்களுக்கு அளவு சற்றுக் கூடினாலும் நரம்புத் தொகுதி பாதிக்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். ஆகவே முற்றாக விட்டுவிடுகிறது என்றும் சொல்ல முடியாது.

கொக்குவில் ஆசிரியர் எழுதியது:

வைத்தியர் ஐயா, நீங்கள் கேட்டதற்குத் தவாளிப்பின் இரசாயனம் மட்டும் விடை தராது. மருந்து எந்தக் கலத்துக்குள் எவ்வளவு சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தூக்க நோயை உண்டாக்கும் திரிப்பனோசோமா என்ற ஒட்டுண்ணியில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. பென்ரமிடீனும் டிமினசீனும் இரண்டு நேரேற்றம் உள்ளவை என்பதால் கொழுப்பு மென்சவ்வைத் தாமாகக் கடக்க மாட்டா. திரிப்பனோசோமாவோ அடினோசினை உள்ளே எடுப்பதற்கு வைத்திருக்கும் கடத்தி ஒன்றின் வழியாக அவற்றையும் இழுத்துக்கொள்கிறது. பென்ரமிடீனுக்கு நீர்-கிளிசரோல் வாயில் ஒன்றும் திறந்திருக்கிறது. இந்த வாயில்கள் மாறிப்போன ஒட்டுண்ணிகள் மருந்துக்கு எதிர்ப்புப் பெறுகின்றன. உள்ளே போனபின், இழைமணிக்குள் வலைபோலக் கோத்துக் கிடக்கும் கினெற்றோபிளாஸ்ற் டி.என்.ஏ.யில் ஏ-ரீ மிகுதியாக இருப்பதால் அங்கே சேர்ந்து அதன் பெருக்கத்தைக் குலைக்கின்றன. பபீசியாவுக்குக் கினெற்றோபிளாஸ்ற் கிடையாது. ஆகவே இந்த விளக்கத்தை அப்படியே உங்கள் பசுவுக்குக் கொண்டுவர முடியாது.

வாயால் கொடுக்காமல் ஊசியால் ஏற்றுவதற்கும் அந்த ஏற்றங்களே காரணம். தவாளிப்புக்குப் பிடித்தது குடலுக்குப் பிடிக்கவில்லை.

மாணவிக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குவானின் முளையால் மருந்து தடுக்கப்படுகிறது என்று எழுதினேன். அத்தோடு கதை முடிந்துவிடவில்லை. பைரோல் வளையத்தில் முளைக்கு நேரே நிற்கும் காபன்-ஐதரசனை எடுத்துவிட்டு அங்கே நைதரசன் உள்ள இமிடசோலை வைத்தால், அந்த நைதரசன் முளையின் ஐதரசனையே பிணைப்பாக ஏற்றுக்கொள்ளும்; தடை உறவாக மாறும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் தனி மூலக்கூறாகச் செய்து பார்த்தபோது அவை ஜீ-சீயைப் பொறுத்துக்கொண்டனவேயன்றி அதைத் தேடிப் போகவில்லை. திருப்பம் 1989 இல் வந்தது. பெல்ரனும் வெமரும் கருக் காந்தப் பரிவு முறையில் ஆராய்ந்தபோது, ஒரே ஏ-ரீ இடத்தில் இரண்டு டிஸ்ரமைசின்கள் அருகருகே, ஒன்றின் தலை மற்றதன் வாலை நோக்கியபடி அமர்ந்திருந்தன. தவாளிப்பு அவற்றுக்கு இடம் கொடுக்க அகன்றிருந்தது. ஒடுக்கமானது என்று நாங்கள் எல்லோரும் நிலையாக எண்ணும் அந்தத் தவாளிப்பு வளைந்து கொடுக்கக்கூடியது!

இரண்டு மூலக்கூறுகள் அருகருகே அமர்ந்தால், ஒவ்வொன்றும் ஓர் இழையைத் தனியே வாசிக்க முடியும். கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பீற்றர் டெர்வனின் குழுவினர் இதையே பிடித்துக்கொண்டார்கள். இமிடசோலுக்கு எதிரே பைரோலை வைத்தால் ஜீ-சீ, பைரோலுக்கு எதிரே இமிடசோலை வைத்தால் சீ-ஜீ, இரண்டும் பைரோலானால் ஏ-ரீ அல்லது ரீ-ஏ. சிறுதவாளிப்பின் தரையில் ஏ-ரீயும் ரீ-ஏயும் ஒரே முகத்தைக் காட்டுகின்றன, ஆகவே அங்கிருந்து அவற்றைப் பிரித்தறிவது கடினம் என்று சீமன், றோசன்பேர்க், றிச் ஆகியோர் 1976 இலேயே எழுதியிருந்தார்கள். அந்தத் தடையையும் 1998 இல் ஐதரொட்சிப்பைரோல் என்ற மூன்றாம் வளையத்தைக் கொண்டு தாண்டினார்கள். நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கும் இது பொருந்துகிறது. ஐதரசன் பிணைப்புகளை இடம் மாற்றி வைத்ததால் மாறியது எந்தத் தொடரில் அமர்வது என்பதே. அமரச் செய்யும் சக்தி பெரும்பாலும் அதே வளைவிலிருந்தும் தொடுகையிலிருந்தும் வெளியேறும் நீரிலிருந்தும்தான் வருகிறது.

டொக்கிங் பற்றி ஒரு சொல். பெரும்பாலான மென்பொருள்கள் டி.என்.ஏ.யை விறைத்த பொருளாக வைத்து, நீரை முழுவதும் நீக்கிவிட்டுக் கணிக்கின்றன. நாங்கள் இங்கே பேசிய இரண்டு பெருங் காரணிகளையும் அவை தொடக்கத்திலேயே வெளியே போட்டுவிடுகின்றன. படத்தை வைத்துக்கொள்ளுங்கள், மென்பொருள் பிணைவுக்கு இடும் மதிப்புப் புள்ளியை நம்பி முடிவு எழுதாதீர்கள். அதற்கு முன்னர் பளிங்குக் கட்டமைப்புக் கோப்புகள் இரண்டையும் நீருடன் சேர்த்தே திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள். புரதத் தரவு வங்கி (PDB) என்ற தரவுத்தளத்தில் வெறும் டி.என்.ஏ.க்கு 1பி.என்.ஏ. என்றும், நெற்றொப்சின் பிணைந்ததற்கு 6பி.என்.ஏ. என்றும் குறியீடு.

நீராவியடி மாணவி எழுதியது:

சேர், அக்கா, வைத்தியர் ஐயா, மூவருக்கும் நன்றி. நேற்று மாலை இரண்டு கோப்புகளையும் இறக்கித் திறந்தேன். இதுவரை மென்பொருள் கேட்டவுடன் நீரை நீக்கு என்ற கட்டத்தில் அடையாளமிட்டு வந்திருக்கிறேன். இம்முறை அதை விட்டுவிட்டேன். முதற்கோப்பில் நடு ஏ-ஏ-ரீ-ரீ பகுதியை மட்டும் திருப்பி, தவாளிப்பை எனக்கு நேரே வைத்துப் பார்த்தபோது, ஆழத்தில் நீரைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போவது தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு பக்கம் நைதரசனுக்கும் மறுபக்கம் எதிரிழையின் ஒட்சிசனுக்கும் தூரத்தை அளந்தேன், 0.3 நனோமீற்றரை அண்டியே வந்தன. இரண்டாம் கோப்பில் ஒன்பதாம் இடத்துச் சைற்றோசினில் புரோமீன் ஏற்றப்பட்டிருந்ததால் முதலில் குழம்பினேன். பிறகு அது பெருந்தவாளிப்புப் பக்கம் நிற்பதைக் கண்டு அதை விட்டுவிட்டேன். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியபோது, சிவப்புப் புள்ளிகள் நின்ற அதே ஏணியில் நெற்றொப்சினின் ஏமைட்டு நைதரசன்கள் படிந்திருந்தன.

பாகுநிலைச் சோதனைக்கு டி.என்.ஏ.யை இன்று மாலை தாங்கற்கரைசலில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கோல் எதையும் அதற்குள் விடவில்லை. அக்கா, உப்பை 10 மில்லிமூலரிலும் 100 மில்லிமூலரிலும் வைத்து இரண்டு தடவை செய்யப்போகிறேன். எதிடியம் கோடு வந்ததும் இங்கே எண்களைப் பதிவிடுகிறேன்.